யாழும் கிலுகிலுப்பையும்: ஒலிக்கும் சிலந்தியின் வரலாறு

உயிர்களை அறிவு வகையால் அறுவகைப்படுத்திய தொல்காப்பியர் செவியறிவை ஐந்தாம் படியில் நிறுத்தினார் என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் ஆண்டுதோறும் மாணவர்க்கு உரைத்து வருகின்றனர். உற்றறிதல், சுவைத்தறிதல், மோந்தறிதல், கண்டறிதல் ஆகிய நான்கும் வாய்க்கப்பெற்று, கேட்டறிதல் ஒன்று மட்டும் வாய்க்காதவை நாலறிவுயிர்கள். அவற்றுக்கு அவர் மரபியலில் காட்டும் சான்று நண்டும் தும்பியும் ஆகும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தலைவன் ஒருவன் தும்பியை விளித்து, தன் காதலியின் கூந்தலைப் பற்றி வினவுகின்றான். செவியில்லாத உயிரிடம் கேள்வி கேட்ட அப்பாடலைத் தமிழுலகம் போற்றிக் காத்து வருகின்றது! கவிஞர்க்கு அவ்வுரிமை உண்டு. அதில் பிழை காண வேண்டுவதில்லை.

ஆயினும் இலக்கணத்தின் வழியே நின்று பார்த்தால் ஒரு வினா எழாமற் போகாது. செவியில்லா உயிர் என்று நாம் வகுத்தவற்றுட் சில ஓயாமல் ஒலிக்கின்றனவே, அவ்வொலி யாருக்காக? சங்கப் புலவர் ‘சிள்வீடு’ என்று பெயரிட்ட பூச்சி ஒலியாலேயே பெயர் பெற்றது. சுவர்க்கோழியை நாம் கண்ணால் காண்பதைவிடக் காதால் அறிவதே மிகுதி. தன் ஓசையைத் தானும் தன் இனமும் கேளாவாயின் அவை எதற்காக அத்துணை உழைக்க வேண்டும்? இவ்வினாவுக்குப் பூச்சிகளைவிடத் தெளிவான விடையைத் தந்தது, ஊமை என்று உலகம் நம்பியிருந்த ஓர் உயிர். அதுதான் சிலந்தி.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், அண்மைக் காலமாக ஆசிய நகரங்கள் பலவற்றிலும், டரன்டுலா எனப்படும் பெருஞ்சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்ப்போர் பெருகியுள்ளனர். கையளவு விரியும் உடம்பும் அடர்ந்த மயிரும் உடைய இச்சிலந்திகளுட் சில, சீண்டப்பட்டால் முன்கால்களை உயரத் தூக்கி, நச்சுப்பற்களை விரித்துக்காட்டி, சீறுவதைப் போன்றோ அரத்தால் தேய்ப்பதைப் போன்றோ ஓர் ஒலியை எழுப்புகின்றன. வளர்ப்போருட் சிலர் இதனைச் ‘சிலந்தியின் பாட்டு’ என்று மகிழ்ந்து சொல்வதுண்டு. பாட்டு அன்று இது. இதனை நிலைநாட்ட அறிவியலார்க்கு ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் தேவைப்பட்டன. அவ்வைம்பதாண்டின் கதையில் பெரும்பகுதி நிகழ்ந்தது ஆசிய மண்ணில்.

டரன்டுலா என்ற பெயரிலேயே இசை ஒட்டிக்கொண்டிருக்கின்றது என்பதையும் இடையே சொல்லிவிடுகிறேன். தென் இத்தாலியின் தாரந்தோ என்னும் நகரின் பெயரால் அமைந்த சொல் அது. அங்கே ஒருவகை ஓநாய்ச் சிலந்தி கடித்தவர் இசைக்கேற்ப ஆடிக் களைத்தாலன்றி நஞ்சு இறங்காது என்பது பண்டைய நம்பிக்கை. கிர்ச்சர் என்னும் பாதிரியார் 1641-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் அந்த ‘மருந்து இசை’யைச் சுரக்குறிப்போடு பதிப்பித்திருக்கின்றார். இன்று நாம் டரன்டுலா என்று வழங்கும் பெருஞ்சிலந்திகள் அந்த இனமே அல்ல. புதிய கண்டங்களில் பெரிய சிலந்தியைக் கண்ட ஐரோப்பியர், தாங்கள் அறிந்த அச்சமூட்டும் பெயரை அதற்குச் சூட்டிவிட்டனர். மனிதன் சிலந்திக்காக இசைத்த கதை இது. சிலந்தியே ஒலித்த கதை பின்னர் வந்தது.

சிலந்தி ஒலிக்கும் என்பதை முதலில் ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டு வெஸ்ட்ரிங். 1843-ஆம் ஆண்டு அவர் கண்டது பெருஞ்சிலந்தி அன்று. கடுகு, மிளகு அளவினவாகிய சிறு சிலந்திகள். ஆண் சிலந்தியின் வயிற்றடியில் பல்வரிசை போன்ற ஒரு விளிம்பு இருந்தது. மார்பின் கடினமான பின்பகுதி அதன்மீது உராயும்போது மெல்லிய ஒலி பிறந்தது. பெண் சிலந்தி ஒலி எழுப்பவில்லை.

இச்செய்தி சார்லஸ் டார்வினின் கைக்கு எட்டியது. 1871-ஆம் ஆண்டு வெளிவந்த ‘மனிதனின் தோற்றம்’ என்னும் நூலில் அவர் அதனை எடுத்தாண்டார். ஆண் ஒலிக்கின்றது, பெண் ஊமை. எனவே பெண்ணை அழைக்கவோ மயக்கவோதான் இவ்வொலி என்பது அவர் முடிவு. அதுமட்டுமன்று. விலங்குலகின் கீழ்ப்படியிலிருந்து மேலேறி வரும்போது, காதலுக்காக ஒலி எழுப்பும் உயிராகத் தமக்குத் தெரிந்த முதற்சான்று இதுவே என்றும் எழுதினார். பெண்ணின் விருப்பத்தால் ஆணின் அழகும் குரலும் வளர்ந்தன என்ற கொள்கையை நாட்ட முனைந்திருந்த டார்வினுக்கு இச்சிறு சிலந்தி அரிய துணையாயிற்று. அச்சிறு சிலந்திகளைப் பொறுத்தவரை டார்வின் கூறியது தவறன்று. அவற்றின் ஆண்கள் பெண்ணை நாடும்போதே ஒலிப்பது பிற்காலத்தும் உறுதியாயிற்று. ஆனால் பெரிய அறிஞர் சொல்லும் விளக்கத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அது தான் பிறந்த இடத்தோடு நில்லாது. எங்கே ஓர் ஒலி கேட்டாலும் ‘இதுவும் காதல் அழைப்பே’ என்று சொல்லும் பழக்கத்தை உண்டாக்கிவிடும்.

அப்பழக்கத்துக்குத் தடையாக வந்தது அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சிலந்தி. கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் அப்போது பணிபுரிந்தவர் ஜேம்ஸ் வுட்மேசன் என்னும் விலங்கியலார். 1846-இல் பிறந்த அவர் குச்சிப்பூச்சி, கும்பிடுபூச்சி ஆகியவற்றில் தேர்ந்தவர். அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டம் நடத்திவந்த பீல் என்பவர், தம் பகுதியில் கிடைத்த ஒரு பெருஞ்சிலந்தி உரத்து ஒலிப்பதைக் கேட்டறிந்து அவருக்குத் தெரிவித்தார். 1876-ஆம் ஆண்டையொட்டி வுட்மேசன் அதனை அறிஞர் அவைகளில் எடுத்துரைத்து, 1877-இல் அதற்கு ‘உராய்ந்தொலிப்பது’ என்னும் பொருள்பட இலத்தீனில் ‘ஸ்ட்ரிடுலன்ஸ்’ எனப் பெயர் சூட்டினார். இன்றைய வகைப்பாட்டில் அதன் பெயர் கிலோபிராக்கிஸ் ஸ்ட்ரிடுலன்ஸ்.

அதன் ஒலிக்கருவி இருக்குமிடம் வயிற்றடி அன்று, வாயருகே. சிலந்தியின் முகத்தில் நச்சுப்பல்லைத் தாங்கி நிற்கும் பருத்த தாடைகள் இரண்டு உண்டு. அவற்றின் இருபுறமும் கால்போலத் தோன்றும் உணர்கைகள் உண்டு. உணர்கையின் அடிக்கணுவில், தாடையை நோக்கிய பக்கத்தில், தடித்துக் கதைபோல் முடியும் மயிர்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். தாடையின் வெளிப்புறத்தில் முட்போன்ற விறைப்பான மயிர்கள் நிற்கும். தாடையை மேலும் கீழும் அசைத்தால் முள், மயிர்வரிசையை மீட்டும். சீப்பின் பற்களை நகத்தால் வருடிப் பார்த்தவர்க்கு இதன் தத்துவம் உடனே விளங்கும். நரம்பு வரிசை போலத் தோன்றும் அம்மயிரடுக்கை விலங்கியலார் ‘லைரா’ என்கின்றனர். அஃதாவது யாழ்.

சிலந்தியோடு வுட்மேசன் நிற்கவில்லை. 1877-ஆம் ஆண்டு அவர் பம்பாய்க் கரையில் இறங்கியவுடன் வித்தைக்காரரிடமிருந்து உயிருள்ள பெருந்தேள்கள் இரண்டைப் பெற்றார். இலேசான உலோக மேசையொன்றில் இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கட்டிச் சினமூட்டினார். தேள்கள் கொடுக்குக் கைகளால் காற்றை அறைந்தன, அறையும்போதே ஒலித்தன. மேசைமீது அவை தடதடவென்று துள்ளிய ஓசைக்கு மேலாகவும் அவ்வொலி சுற்றி நின்றவர் யாவருக்கும் கேட்டது. பட்டுத்துணியை நகத்தால் பிறாண்டுவது போலவும், விறைப்பான பல்துலக்கியைத் தேய்ப்பது போலவும் இருந்ததாக அவர் குறித்தார். தேளுக்கு இக்கருவி அமைந்திருப்பது கொடுக்குக் கையின் அடிக்கும் முதற்காலின் அடிக்கும் இடையே. நம் ஊர்களில் நட்டுவாக்காலி என்று அஞ்சப்படும் பெருந்தேளின் இனத்தார்க்கும் இவ்வமைப்பு உண்டு. விலங்கியல் வரலாற்றின் மிகச் சுருக்கமான, மிகத் தெளிவான சோதனைகளுள் ஒன்று என்று இதனைச் சொல்வேன். அதற்குக் கருவிப்பொருள் தந்து உதவியவர் ‘வித்தைக்காரர்’ என்ற பொதுப்பெயரோடு நின்றுவிட்டனர். தேளைத் தம் பிழைப்புக்காகக் கையாண்ட அவர்கள் அவ்வொலியை எத்தனை முறை முன்பே கேட்டிருப்பார்களோ!

வுட்மேசன் 1893-இல் தாயகம் திரும்பும் வழியில் கடலிலேயே காலமானார். ஒலி உண்டு என்று காட்டியவர் அவர். எதற்காக என்ற வினாவை எடுத்துக்கொண்டவர் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ரெஜினால்டு இன்னஸ் போகாக். புலி, சிறுத்தை முதலிய பாலூட்டிகளின் வகைப்பாட்டில் பின்னாளில் பெயர் பெற்ற அதே போகாக்தான்; இளமையில் சிலந்தியும் தேளுமே அவர் உலகம். உலகின் பல பகுதிகளிலிருந்தும் சாராயப் புட்டிகளில் வந்து குவிந்த சிலந்திகளை அவர் ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். இந்தியா, இலங்கை, பர்மா, மலாயா, ஆப்பிரிக்கா என்று இடம் மாற மாற ஒலிக்கருவியின் இடமும் வடிவமும் மாறின. கருவி மட்டும் மீண்டும் மீண்டும் தோன்றியது. 1895-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு ‘சிலந்திகளின் இசைப்பெட்டிகள்’. அடுத்த ஆண்டு மற்றொன்று: ‘தேள்கள் சீறுவது எங்ஙனம், ஏன்’.

தலைப்பில் இசைப்பெட்டி என்றாரேயன்றி, உள்ளே அவர் நாட்டியது இசைக்கு நேர்மாறானது. அவருடைய வாதம் எளிமையானது. காதலுக்காக எழுந்த கருவியாயின் ஆணிடம் மட்டும் இருத்தல் வேண்டும், அல்லது ஆணிடம் சிறந்திருத்தல் வேண்டும். சுவர்க்கோழியிடமும் சிள்வண்டிடமும் அப்படியே காண்கிறோம். இப்பெருஞ்சிலந்திகளிலோ ஆண், பெண் இருபாலிடத்தும் கருவி உண்டு. இனப்பெருக்கப் பருவம் எய்தாத குஞ்சுகளிடமும் உண்டு. மணவினைக்கு ஆயத்தமாகாத சிறுமி மணப்பாட்டுப் பாடுவாளா? இரண்டாவதாக, சிலந்தி எப்போது ஒலிக்கின்றது? இணையைக் கண்டபோதன்று, பகையைக் கண்டபோது. கால் தூக்கிப் பல் காட்டும் அதே நொடியில் ஒலியும் வருகின்றது. மூன்றாவதாக, இவ்வொலியைச் சிலந்திகள் தாமே கேட்கின்றன என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. கேட்பவன் வேறொருவன். சிலந்தியைத் தின்ன வரும் விலங்குக்கும் பறவைக்கும் செவி உண்டு. ‘அணுகாதே, நான் நஞ்சுடையவன்’ என்பதே அச்செவிக்குச் சொல்லப்படும் செய்தி.

இதற்கு ஒப்புமையாக அவர் முன் இருந்தது அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்பு. வால்நுனியை ஆட்டி ஒலிக்கும் அப்பாம்பைப் பற்றி, காதல் விளக்கத்தை 1871-இல் சொன்ன அதே டார்வின், 1872-இல் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில், பகைவரை அச்சுறுத்தவே அது ஒலிக்கின்றது என்று எழுதியிருந்தார். ஆக, சிலந்திக்குப் பொருந்தும் விடை டார்வினிடமே இருந்தது. அது வேறொரு நூலில், வேறோர் உயிருக்கு உரியதாக இருந்தது. போகாக் செய்தது அவ்விடையை உரிய இடத்தில் கொண்டுவந்து வைத்ததே.

இந்தக் கருத்துப் போரின் தடயம் அவர் சூட்டிய பெயர்களில் இன்றும் அழியாமல் நிற்கின்றது. சொல்லாராய்ச்சியில் விருப்பமுடைய தமிழாசிரியர்க்கு இப்பகுதி சுவை பயக்கும். 1895-இல் ஒரு சிலந்திப் பேரினத்துக்கு அவர் இட்ட பெயர் ‘லைரோக்னாதஸ்’. யாழ்த்தாடை என்று பெயர்க்கலாம். மற்றொன்றுக்கு ‘முசாகெதெஸ்’ என்று பெயரிட்டார். கலைமகளிர் ஒன்பதின்மர்க்குத் தலைவனாகிய அப்பல்லோ தெய்வத்தின் பட்டப்பெயர் அது. (இப்பெயர் பின்னர் கிலோபிராக்கிஸுக்குள் அடங்கி வழக்கொழிந்தது.) 1900-இல் கிழக்காப்பிரிக்கச் சிலந்தி ஒன்றுக்குச் ‘சிதாரிஸ்கியஸ்’ என்றார், கிரேக்கரின் நரம்புக் கருவியாகிய கிதாரா அதனுள் இருக்கின்றது. 2010-ஆம் ஆண்டின் திருத்தத்தால் இப்பெயரும் நீங்கி, முந்திய பெயராகிய பெலினோபியஸ் நிலைபெற்றுவிட்டது. இவையாவும் இசைப் பெயர்கள். ஆனால் யாழ்த்தாடைப் பேரினத்தைச் சேர்ந்த இந்தியச் சிலந்தி ஒன்றின் முழுப்பெயரைப் பாருங்கள்: லைரோக்னாதஸ் க்ரோட்டாலஸ். க்ரோட்டாலஸ் என்பது கிலுகிலுப்பைப் பாம்பின் அறிவியற் பெயர். முற்பாதியில் யாழ், பிற்பாதியில் கிலுகிலுப்பை! காதுக்கு இனிய கருவியின் வடிவமும், அஞ்சி விலகச் சொல்லும் பயனும் ஒரே பெயரில் பிணைந்து கிடக்கின்றன. போகாக்கின் வாதத்தை இதைவிடச் சுருக்கி எவராலும் எழுத இயலாது.

இதே ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலும் ஒரு நிகழ்ச்சி. 1894-ஆம் ஆண்டு ஹார்ன் என்னும் செல்வரின் பொருளுதவியால் அந்நாட்டின் நடுப்பாலை நோக்கி ஓர் அறிவியற் குழு சென்றது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்து உயிரியற் பேராசிரியர் பால்டுவின் ஸ்பென்சர் அதில் இருந்தார். ‘குரைக்கும் சிலந்தி’ ஒன்று உண்டு என்று அப்பகுதியில் குடியேறி வாழ்ந்த வெள்ளையர் உறுதியாகச் சொன்னார்கள். ஸ்பென்சர் அக்குரலைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தபோது குரைத்தது காடை இனத்துப் பறவை! வேறொருவராயின் எள்ளி நகைத்துவிட்டுத் திரும்பியிருப்பார். அவரோ அச்சிலந்தியையும் எடுத்து நுணுகி ஆராய்ந்தார். தாடைக்கும் உணர்கைக்கும் இடையே ஒலிக்கருவி இருக்கக் கண்டார். ஊரார் சொன்னது குரல்வகையில் பொய், கருத்தளவில் மெய். வாய்மொழிச் செய்தியை முற்றத் தள்ளவும் கூடாது, முற்றக் கொள்ளவும் கூடாது என்பதற்கு வரலாற்று மாணவர்க்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘குரைக்கும் சிலந்தி’ என்ற பெயர் மட்டும் அந்நாட்டில் இன்றும் மாறவில்லை.

எல்லாப் பெருஞ்சிலந்தியும் யாழை மீட்டுவதில்லை. தென்னமெரிக்க மழைக்காடுகளில் வாழும் கோலியாத் சிலந்தி, கால் விரித்தால் 30 சென்டிமீட்டர் வரை எட்டும் பேருருவினது. அதன் சீறல் சில மீட்டர் தொலைவுக்குக் கேட்கும். 1995-இல் மூன்று ஆய்வாளர் அதனை ஆராய்ந்தபோது, அங்கே சீப்பும் இல்லை, மீட்டும் முள்ளும் இல்லை. முன்கால்களின் அடியிலுள்ள மயிர்கள் இறகுபோலக் கிளைத்து, ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றிக்கொள்கின்றன. சிலந்தி காலை அசைக்கும்போது அவை பிய்த்துக்கொண்டு விடுபடுகின்றன. குழந்தைகளின் காலணியிலுள்ள ஒட்டுப்பட்டையைச் சரேலென்று பிரிக்கும்போது எழும் ஓசை நினைவிருக்கும். தென்னாப்பிரிக்கத் தேளினம் ஒன்று, கொடுக்கின் முனையைத் தன் வாலின் முதுகிலேயே தேய்த்து ஒலிக்கின்றது. வழிகள் இவ்வாறு வேறுபடினும், எழும் ஒலி மட்டும் எங்கும் கரகரப்பான சீறலே. கேட்பவன் எந்த விலங்காயினும் பொருள் விளங்க வேண்டுமன்றோ!

இவ்விடத்தில், ஒலிக்கும் சிற்றுயிரை வளர்க்கும் மற்றொரு மரபை எண்ணிப் பார்த்தல் தகும். சீன நாட்டில் தாங் பேரரசன் சுவான்சொங்கின் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், அரண்மனை மகளிர் இலையுதிர் காலத்தில் சுவர்க்கோழிகளைப் பிடித்துச் சிறு பொற்கூண்டுகளில் அடைத்துத் தலையணை அருகே வைத்து இரவெல்லாம் கேட்டனர் என்பர். அரண்மனைப் பழக்கம் ஊருக்குள் பரவியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தென்சோங் அரசின் முதலமைச்சர் சியா சிதாவ் சுவர்க்கோழி பற்றி நூலே எழுதினார் என்பர். அவர் சுவர்க்கோழி விளையாட்டில் மூழ்கிக் கிடந்தபோதுதான் மங்கோலியர் நாட்டைப் பிடித்தனர் என்பது சீனரின் கசப்பான நினைவு. சுரைக்குடுவைகளில் தந்தத்தால் மூடிசெய்து பூச்சியைப் பேணிய கலையைப் பற்றி பெர்த்தோல்டு லாஃபர் 1927-இல் சிகாகோவிலிருந்து எழுதிய சிறுநூல் இன்றும் படிக்கத்தக்கது. ஜப்பானில் பூச்சி விற்போர் தெருத்தெருவாகக் கூவி விற்றதை லஃப்கேடியோ ஹெர்ன் 1898-இல் வருணித்தார்.

அம்மரபினர் கேட்டது மெய்யாகவே காதற்பாட்டு. சுவர்க்கோழியில் ஒலிப்பது ஆண். முன்னிறகுகளை ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து ஒலிக்கின்றது. கேட்பது பெண், அதன் செவி முன்காலின் முழங்காலுக்குக் கீழே இருக்கின்றது. ஆகவே தலையணையருகே பொற்கூண்டு வைத்த அரசமகளிர் ஓர் உரையாடலை ஒட்டுக்கேட்டனர் என்னலாம். கண்ணாடிப் பெட்டியில் டரன்டுலா வளர்ப்பவர் நிலை வேறு. அங்கே உரையாடலில் மறுபுறம் நிற்பவர் அவரேதான். சிலந்தி பேசுவது அவரை நோக்கி. சொல்வது, விலகிப்போ என்பது. பெண்ணைக் கவர வேண்டுமாயின் ஆண் டரன்டுலா வேறு மொழியைக் கையாள்கின்றது. வளையின் வாயிலில் நின்று உடம்பை நடுக்கியும் தரையைத் தட்டியும் மண்ணின் வழியே அதிர்வை அனுப்புகின்றது. அதனைப் பெண் காலால் உணர்கின்றது. அம்மொழி வளர்ப்பவர் காதில் பெரும்பாலும் விழுவதே இல்லை.

வளர்ப்போரிடையே பெயர் பெற்ற மற்றோர் ஒலிப்புயிர் மடகாஸ்கர் தீவின் சீறும் கரப்பான். இறகில்லாத இப்பெருங்கரப்பான் உராய்ந்து ஒலிப்பதில்லை. வயிற்றுப் பக்கத்திலுள்ள மூச்சுத்துளைகள் இரண்டின் வழியே காற்றை உந்திச் சீறுகின்றது. பூச்சிகளில் மூச்சால் ஒலிப்பது அரிது. பகைவரை வெருட்டவும், ஆண்கள் தம்முள் போரிடவும், பெண்ணை நாடவும் வெவ்வேறு சீறல்களை அது பயன்படுத்துவதை 1979, 1980-ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. டார்வினும் போகாக்கும் தனித்தனியே சொன்ன இரு விளக்கமும் ஒரே உயிரிடம் கூடியிருக்கின்றன.

செவி உண்டா இல்லையா என்ற வழக்கிலும் அறிஞர் இடறியதுண்டு. பூச்சியியல் மேதை ஃபாப்ரே, தம் வீட்டெதிரே மரத்தில் கத்திக்கொண்டிருந்த சிள்வண்டுகளின் கீழே, ஊர்த் திருவிழாவில் முழக்கும் அதிர்வேட்டுக் குழாய்கள் இரண்டை நிறுத்தி வெடிக்கச் செய்தார். வண்டுகள் சிறிதும் நிறுத்தவில்லை; எனவே அவை செவிடு என்றெண்ணினார். உண்மையில் சிள்வண்டுக்குச் செவிப்பறை உண்டு. தன் இனத்தின் குரலுக்கென்றே அமைந்த செவி அது. வெடியோசை அதற்கு ஒரு பொருட்டன்று. சிலந்தியைப் பற்றிய கருத்தும் ஓரளவு திருத்தம் பெற்றுள்ளது. தாவும் சிலந்திகள் சில மீட்டருக்கு அப்பாலிருந்து காற்றில் வரும் ஒலியையும் கால் மயிர்களால் உணர்கின்றன என்பது 2016-இல் தெரியவந்தது. ஆகவே சிலந்தியினம் முழுவதும் செவிடு என்று இன்று எழுதலாகாது. ஆயினும் டரன்டுலாவின் சீறல் பகைவனுக்கே என்ற போகாக்கின் முடிவை இது அசைக்கவில்லை. இருபாலிடத்தும் குஞ்சுகளிடத்தும் கருவி இருக்கின்றதே, அச்சான்று அப்படியேதான் இருக்கின்றது.

இனி நம் பக்கம் வருவோம். அஸ்ஸாம் சிலந்தியின் சுற்றத்தார் இந்தியாவிலிருந்து மலாய்த் தீபகற்பத்தின் வழியே ஆஸ்திரேலியா வரை பரந்து வாழ்கின்றனர். பினாங்கிலிருந்து கிடைத்த ஒன்றுக்கு பிரெஞ்சு அறிஞர் சிமோன் 1892-இல் பெயரிட்டார். கோரெமியோக்னெமிஸ் என்பது அதன் பேரினம். சிங்கப்பூரின் பெயரோடு உலகச் சந்தையில் ‘சிங்கப்பூர் நீலம்’ என்று விலைபோகும் மரச்சிலந்தி, 1924-இல் ஆபிரகாம் என்பவரால் விவரிக்கப்பட்டது. வேடிக்கை என்னவெனில், சிங்கப்பூரில் டரன்டுலா வளர்ப்பதற்குச் சட்டம் இடங்கொடுப்பதில்லை! 2019-இல் சரவாக்கிலிருந்து நீலக்கால் கொண்ட புதிய சிலந்தி ஒன்று பிருப்பெஸ் என்னும் புதிய பேரினப் பெயரோடு இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டபோது, அதனைப் பிடித்துச் சென்றவர்கள் உரிய அனுமதி பெறவில்லை எனச் சரவாக் அதிகாரிகள் கூறினர். அறிவியல் ஏட்டில் பெயர் ஏறுமுன்பே வளர்ப்போர் பெட்டிக்குள் புகுந்துவிடும் உயிர்கள் இன்று பல. பீலும் வுட்மேசனும் சிலந்தியைத் தேடியது அறிவதற்காக; அவர்களும் கொன்று புட்டியில் இட்டவர்களே, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒன்றிரண்டைக் கொண்டு அவர்கள் நிறைவடைந்தனர். சந்தைக்கு அந்நிறைவு இல்லை.

தமிழகத்தோடும் ஈழத்தோடும் இக்கதைக்கு நேரான தொடர்பு உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலுமன்றி வேறெங்கும் இயற்கையில் காணப்படாத மரச்சிலந்திப் பேரினம் ஒன்று உண்டு, பெயர் போசிலோதேரியா. மரப்பொந்தில் வாழ்வது, புலிவரி போன்ற கோலம் உடையது, தாடையருகே யாழும் உடையது. 1899-இல் போகாக் இதனைப் பற்றி விரிவாக எழுதியபோது விவரித்த புதிய இனங்களுள் ஒன்று நம் அரக்கோணத்தில் கிடைத்தது. மற்றொன்று ஆந்திரத்தின் குத்தியில் கிடைத்த நீலச்சிலந்தி. அவர் கையில் இருந்தது அதன் ஒரே ஓர் உடல். குத்தி ரயில் நிலையத்தின் மரக்கிடங்கில் அகப்பட்டது அது. வெட்டிய மரத்தோடு வேறொரு காட்டிலிருந்து ரயிலேறி வந்ததாகவே கருதப்படுகின்றது. அதன்பின் நூறாண்டுக்கு மேல் எவர் கண்ணுக்கும் அது படவில்லை. 2001-இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. அதன் வாழிடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மரம் வெட்டுவதால் அதுவும் சுருங்குகின்றது. 2008-இல் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிராக அது பட்டியலிடப்பட்டது.

2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய அனைத்துலக வனவுயிர் வாணிப மாநாட்டில், போசிலோதேரியா பேரினம் முழுவதும் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இலங்கையும் அமெரிக்காவும் கூடி முன்மொழிந்தன. அப்பட்டியலில் உள்ளதை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு விற்க வேண்டுமாயின் ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிச் சீட்டு வேண்டும். குத்தியின் நீலச்சிலந்தி இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பெட்டிகளில் குஞ்சு பொரித்துப் பெருகியுள்ளது. தன் காட்டில் அது மிக அரிது.